கரண்ட் மார்க்கெட்ட திறந்து விட்டா கிரீன் டெக்னாலஜி தானா வளருமா?

குறுக்குக்கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். செமினார் ஒண்ணுக்காக படிச்சிட்டு இருக்கேன், நான் எகனாமிக்ஸ், இஞ்சினியரிங் சுத்தமா வராது, கேள்வி முட்டாள்தனமா இருந்தா திட்டாதீங்க. மின்சார மார்க்கெட் சீர்திருத்தம்னு சொல்றாங்களே, அதாவது உற்பத்தி, டிரான்ஸ்மிஷன், விநியோகம் மூணும் ஒரே கம்பெனி கையில இருந்தத பிரிச்சு, உற்பத்தில போட்டிய விட்டு, ஹோல்சேல் சந்தைனு ஒண்ணு வெக்கிறது. இது கிரீன் எனர்ஜில புது கண்டுபிடிப்ப வளக்குதா, கொல்லுதா? ஒரு பேப்பர்ல சந்தைய திறந்ததுக்கு அப்புறம் மின் கம்பெனிங்களோட ஆர் அண்ட் டி, அதாவது ஆராய்ச்சி செலவு விழுந்துடுச்சுனு இருக்கு. இன்னொண்ணுல சந்தைய திறந்த நாடுங்கள்லதான் ரினியூவபிள் பாலிசி போட்டா பேட்டன்ட் அதிகமா வருதுனு இருக்கு. ரெண்டும் எப்படிங்க ஒரே நேரத்துல உண்மையா இருக்கும்? ரெண்டு நாளா தலை சுத்துது.

மெகாவாட் மாமா:
தம்பியோ தங்கச்சியோ, ரெண்டுமே உண்மைதான், ஆனா நான் ரெண்டாவது பேப்பர் கட்சி.

பழைய சிஸ்டத்த கொஞ்சம் யோசிச்சு பாருங்க. ஒரே கம்பெனி. நிலக்கரி ப்ளான்ட்டும் அவன்துதான், கம்பியும் அவன்துதான், பில் போடுறதும் அவன்தான். நீங்க ஒரு காத்தாலைய செஞ்சு நிறுத்திட்டு "கரண்ட் வாங்கிக்கோங்க"னு போய் நின்னா அவன் ஏன் வாங்கணும், சொந்த ப்ளான்ட்டுக்கு தானே ஆப்பு வெச்சுக்க அவனுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? அதுலயும் நிறைய இடத்துல போட்ட முதலுக்கு இத்தன சதவீதம் லாபம்னு ரெகுலேட்டர் கணக்கு போட்டு குடுத்திடுவாரு, அப்போ எவ்வளவு பெருசா கட்டுறோமோ அவ்வளவுக்கு லாபம், சின்னதா சிக்கனமா புதுசா ஏதாவது செய்றவன் ஏமாளி.

அந்த கதவ முதல்ல தட்டி திறந்தது 1978ல அமெரிக்காவுல வந்த பர்ப்பா சட்டம். தகுதி உள்ள சின்ன உற்பத்தியாளர் யாரா இருந்தாலும் மின் கம்பெனி அவன் கரண்ட்ட வாங்கியே ஆகணும், அதே கரண்ட்ட தானே தயாரிச்சிருந்தா என்ன செலவு ஆகியிருக்குமோ அத விலையா குடுக்கணும். கலிஃபோர்னியா அதுக்கு மேல நீண்டகால ஒப்பந்தமும் வரிச்சலுகையும் சேத்து குடுத்துச்சு, ஆல்டமான்ட் பாஸ் மலை முழுக்க காத்தாலையா முளைச்சுது. டென்மார்க்ல விவசாய மெஷின் செஞ்சிட்டு இருந்த வெஸ்டாஸ் மாதிரி கம்பெனிங்க உலக மார்க்கெட்டுக்கு வந்தது அந்த ஆர்டர்லதான். கதவ திறந்தா ஆள் வருவான், அவ்வளவுதான் விஷயம்.

பழைய டர்பைன்:
மாமா பாதி கதையோட எழுந்து போயிட்டாரு. மீதிய நான் சொல்றேன். அந்த வரிச்சலுகை 1985 கடைசில முடிஞ்சுது. 1986ல அதே வெஸ்டாஸ் கடன்காரனுக்கு பணம் குடுக்க முடியாம கைய விரிச்சுது. பர்ப்பா கதவு அப்பவும் திறந்துதான் இருந்துச்சு மாமா, உள்ள வரத்தான் காசில்ல.

நான் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல பத்து வருஷத்துக்கு மேல டர்பைன் டெஸ்ட் பெட்ல நின்னவன், பேர் வேணாம். கம்பெனிய பிரிச்ச அன்னைக்கு எங்களுக்கு வந்த முதல் கேள்வி என்ன தெரியுமா, "இது எத்தன மாசத்துல காசாகும்?" பிளேடுல ஒரு விரிசல் எப்படி வளருதுனு மட்டும் நாலு வருஷமா பாத்துட்டு இருந்த ஆளுங்க நாங்க. என்ன பதில் சொல்றது.

பிரிட்டன எடுத்துக்கோங்க. 1990க்கு முன்னாடி அங்க மத்திய மின் உற்பத்தி வாரியம்னு ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு சொந்தமா பெரிய லேப் எல்லாம் உண்டு. அத துண்டு போட்டு தனியாருக்கு வித்தாங்க. அதுக்கப்புறம் வந்தவங்க கணக்கு ரொம்ப சிம்பிள், நான் காசு போட்டு ஒண்ணு கண்டுபிடிச்சா பக்கத்து கம்பெனிக்கும் அதுல லாபம், செலவு மட்டும் என்னோடது, எதுக்கு? அமெரிக்காவுலயும் இதேதான். அங்க மின் கம்பெனிங்க எல்லாம் சந்தா போட்டு நடத்துற எப்ரினு ஒரு பொது ஆராய்ச்சி நிலையம் உண்டு, 1990கள்ல போட்டி வரப்போகுதுன்னு பேச்சு அடிபட்டதும் சந்தாவ குறைக்க ஆரம்பிச்சுட்டாங்க. போட்டி வரதுக்கு முன்னாடியே! கேள்வி கேட்டவர் முதல்ல படிச்ச பேப்பர் சொல்றது இததான், அதுல தப்பே இல்ல.

சரி, திறந்த மார்க்கெட் பிரிட்டன்ல எத தூக்கிப் புடிச்சுது? கேஸ் டர்பைன். சீக்கிரம் கட்டலாம், முதல் கம்மி, வட்டிக்காரனுக்கு பயமில்ல. நிலக்கரிக்கு பதிலா கேஸ் எரிஞ்சதால புகை குறைஞ்சுது, அது கூடவே வந்த லாபம், ஒத்துக்கறேன். ஆனா அந்த டர்பைன் எங்க இருந்து வந்துச்சு? ஜெட் இஞ்சின் பரம்பரை, அதுக்கு பின்னாடி இருந்தது ராணுவ ஆராய்ச்சி காசு. மார்க்கெட் அலமாரில ரெடியா இருந்தத எடுத்து வெச்சுக்கிச்சு. அலமாரிய ரொப்புனது யாரு?

இன்னொண்ணு சொல்லிட்டு போறேன், மாமாவுக்கு எரியும். இன்னைக்கு எல்லாரும் தலைல தூக்கி வெச்சு ஆடுற சிலிக்கான் சோலார் செல்ல 1954ல வெளிய காட்டினது பெல் லேப்ஸ், பக்கா மோனோபோலி டெலிபோன் கம்பெனியோட லேப் 😄

மெகாவாட் மாமா:
எரியல டர்பைன் சார், லைட்டா சூடாகுது. 1954ல காட்டினாங்க சரி, அப்புறம் எத்தன வருஷம் அது சாட்டிலைட்லயும் கால்குலேட்டர்லயுமே கிடந்துச்சு? கண்டுபிடிக்கிறது வேற, அத கோடிக்கணக்குல விக்கிற அளவுக்கு இறக்குறது வேற. நீங்க லேப்ல நின்னவரு, முதல் பாதிதான் உங்களுக்கு இன்னொவேஷன்.

குறுக்குக்கேள்வி:
ரெண்டு பேருக்கும் நன்றி, சண்டைய தொடருங்க 🙏 ஆனா எனக்கு ஒரு டவுட். மின் கம்பெனி ஆர் அண்ட் டிய நிறுத்திடுச்சுனா அப்போ பேட்டன்ட் எல்லாம் யார் வாங்குறா?

பழைய டர்பைன்:
மெஷின் செஞ்சு விக்கிறவன். டர்பைன், இன்வெர்ட்டர், செல், பேட்டரி செய்ற கம்பெனிங்க. மின் கம்பெனி எப்பவுமே பெரும்பாலும் அந்த மெஷின வாங்குற ஆள்தான், நல்ல விவரமான வாங்குற ஆள். சீர்திருத்தத்துல போனது அந்த விவரம். சும்மா ஒரு மெஷின வாங்குறதுக்கும் அதோட குடல கழட்டி பாத்து "இங்க மாத்து"னு சொல்லி வாங்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு, அந்த வித்தியாசம் எந்த பேட்டன்ட் கணக்குலயும் வராது.

ஃப்ரீக்வென்சி 50:
லேட்டா வரேன். நான் ஸ்டோரேஜ் பக்கம், கிரிட்டுக்கு பேட்டரிய டெண்டர்ல விடுறதுதான் பொழப்பு. நீங்க மூணு பேரும் "மார்க்கெட்"ங்கிறத ஒரே பொருள் மாதிரி பேசுறீங்க, அதுதான் எனக்கு இடிக்குது. மார்க்கெட்னா ஒரு ரூல் புக். அதுல எந்த சேவைக்கு காசுனு எழுதியிருக்கோ அதுக்குதான் டெக்னாலஜி வரும், எழுதாததுக்கு வராது, கடவுளே வந்தாலும் வராது.

அமெரிக்காவுல பி.ஜே.எம்னு ஒரு பெரிய கிரிட் ஆபரேட்டர். ஃப்ரீக்வென்சிய, அதாவது கரண்ட் நொடிக்கு எத்தன தடவ அலையுதுங்கிறத, சரியா நிறுத்தி வெக்க நொடிக்கு நொடி மின்சாரத்த ஏத்தி இறக்கணும்ல, அந்த வேலைக்கு முன்னாடி எல்லாம் வேகமா செய்றவனுக்கும் ஆடி அசைஞ்சு வர்ற நிலக்கரி ப்ளான்ட்டுக்கும் ஒரே கூலி. 2011ல ஃபெர்க், அதாங்க அங்க மத்திய எனர்ஜி ரெகுலேட்டர், 755ம் நம்பர் ஆணை போட்டாங்க, வேகமாவும் துல்லியமாவும் செய்றவனுக்கு அதுக்கு தகுந்த காசு குடுங்கனு. 2012 கடைசில பி.ஜே.எம் அத நடைமுறைக்கு கொண்டு வந்துச்சு, பேட்டரிக்காரன் எல்லாம் அங்க போய் குவிஞ்சான். அந்த வருஷம் பேட்டரில எந்த அதிசயமும் கண்டுபிடிக்கல, மாறினது ஒரு விலை ஃபார்முலா. அப்புறம் 2017 ஆரம்பத்துல அதே ஃபார்முலாவ கொஞ்சம் திருகினாங்க, பேட்டரிங்க தாங்குற அளவுக்கு மேல ஓடவேண்டி வந்துச்சு, ஓனருங்க ஃபெர்க்குக்கே புகார் எழுதினாங்க. வளத்ததும் ரூல்தான், நெறிச்சதும் ரூல்தான்.

ஆஸ்திரேலியா இன்னும் சுவாரசியம். அங்க டிஸ்பேட்ச், அதாவது எந்த ப்ளான்ட் எவ்வளவு கரண்ட் குடுக்கணும்னு உத்தரவு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ, ஆனா காசு செட்டில் பண்ணிட்டு இருந்தது அரை மணி நேர சராசரில. அதாவது அந்த அரை மணி நேரத்துல முதல் அஞ்சு நிமிஷம் விலை ராக்கெட் மாதிரி ஏறுச்சுனு வெச்சுக்கோங்க, அந்த அஞ்சு நிமிஷத்துல உயிரக் குடுத்து ஓடின பேட்டரிக்கும் எல்லாம் முடிஞ்சு கடைசில சாவகாசமா வந்து சேந்த கேஸ் ப்ளான்ட்டுக்கும் யூனிட்டுக்கு ஒரே சராசரி விலை. 2017ல ரூல மாத்தி 2021 அக்டோபர் 1ல இருந்து செட்டில்மென்ட்டும் அஞ்சு நிமிஷம் ஆச்சு. நாலு வருஷம் அவகாசம், மீட்டர்ல இருந்து சாஃப்ட்வேர் வரைக்கும் மாத்தணும்ல. என்னக் கேட்டா பேட்டரிக்கு மானியம் குடுக்கிறத விட பெரிய உதவி இது, ஆனா எந்த பேப்பர்லயும் தலைப்பா வராது, போர் அடிக்கிற விஷயம்.

அங்கயே தெற்கு ஆஸ்திரேலியால 2016 செப்டம்பர்ல மாநிலம் முழுக்க இருட்டாச்சு, அடுத்த வருஷம் ஹார்ன்ஸ்டேல்ல ஒரே நேரத்துல 100 மெகாவாட் குடுக்கிற, மொத்தம் 129 மெகாவாட் அவர் சேத்து வெக்கிற பேட்டரி வெச்சாங்க. ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல வேற மாநிலத்துல ஒரு பெரிய நிலக்கரி யூனிட் ட்ரிப் ஆச்சு, பேட்டரி ஒரு நொடிக்குள்ள பாய்ஞ்சு மின்சாரம் குடுத்துச்சு. ஊரே கைதட்டுச்சு. ஆனா அப்போ இருந்த மார்க்கெட்ல அதிவேக சேவைனா ஆறு நொடி, அதுக்கு கீழ எவ்வளவு வேகமா ஓடினாலும் தனி காசு கிடையாது. ஒரு நொடி சேவைக்குனு தனி சந்தை திறந்தது 2023 அக்டோபர்ல. டெக்னாலஜி வந்து கிட்டத்தட்ட ஆறு வருஷம் கழிச்சு ரூல் புக் வந்து சேந்துச்சு.

வட்டிக்கணக்கு:
ஃப்ரீக்வென்சி சார் சொன்னது பூரா சரி, ஆனா அது ஸ்டோரேஜுக்கு. காத்துக்கும் சோலாருக்கும் தலைவலி வேற. இதுல எரிபொருள் செலவு கிடையாது, எல்லா செலவும் முதல் நாளே. அதனால யூனிட் விலைய முடிவு பண்றதுல வட்டிக்கு பெரிய பங்கு. நாளைக்கு விலை என்னனு தெரியாத மார்க்கெட்ல கடன் குடுக்கிறவன் பயத்துக்கு தனியா வட்டி போடுவான். கேஸ் ப்ளான்ட்டுக்கு அந்த பயம் இல்ல, ஏன்னா கேஸ் விலை ஏறினா கரண்ட் விலையும் கூடவே ஏறும், கடைசியா தேவைப்படுற ப்ளான்ட்டோட விலைதானே எல்லாருக்கும் விலை, அது பல இடத்துல கேஸ்தான். டர்பைன் சார் சொன்ன கேஸ் அலைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஜெர்மனி கதை சொன்னா புரியும். 1990ல ஒரு சட்டம், 91ல இருந்து நடைமுறை, காத்துக்கும் சோலாருக்கும் சராசரி சில்லறை விலைல 90 சதவீதம் குடுக்கணும்னு. 1998ல மார்க்கெட்ட திறந்தாங்க, போட்டில சில்லறை விலை இறங்குச்சு, அது கூடவே ரினியூவபிள்காரன் வருமானமும் இறங்குச்சு! சீர்திருத்தமே கிரீன் கம்பெனி வயித்துல அடிச்ச கதை. அதனால 2000ல புது சட்டம் போட்டு 20 வருஷத்துக்கு விலைய நிலையா கட்டிட்டாங்க. அந்த உத்தரவாதத்துலதான் சோலார் பேனல் உலகம் முழுக்க பெருகுச்சு, ஃபேக்டரி பெருகின உடனே விலை விழுந்துச்சு, பெரும்பகுதி ஃபேக்டரி சீனாவுல. ஜெர்மன் வீட்டுக்காரங்க கரண்ட் பில்லோட சேத்து கட்டின சர்சார்ஜ்ல உலகமே படிச்சு பாஸ் ஆச்சுனு சொல்லுவேன்.

மெகாவாட் மாமா:
அப்போ மார்க்கெட்ட மூடிட்டு எல்லாத்துக்கும் ஃபிக்ஸட் விலைனு சொல்றீங்களா வட்டி? ஸ்பெயின்ல அப்படி விலைய தூக்கி வெச்சு 2008ல ஒரே வருஷத்துல சோலார் வெள்ளமா வந்து, அப்புறம் காசு குடுக்க முடியாம பின்தேதியிட்டு வெட்டினாங்களே, மறந்துட்டீங்களா? முதலீடு பண்ணவன் இன்னைக்கும் கோர்ட்டு வழக்குனு அலையுறான்.

வட்டிக்கணக்கு:
மறக்கல மாமா, அது என் கட்சிக்கே சாட்சி, வாக்கு குடுத்து மீறினா அடுத்த தடவ வட்டி இன்னும் ஏறும். நான் சொல்றது விலைய போட்டில முடிவு பண்ணுங்க, முடிவானதுக்கு அப்புறம் ரிஸ்க்க அவன் தலைல போடாதீங்கனு. பிரிட்டன்ல சி.எஃப்.டி ஒப்பந்தம் அப்படித்தான். ஏலத்துல ஜெயிச்ச விலைய விட மார்க்கெட் விலை கீழ போனா வித்தியாசத்த குடுப்பாங்க, மேல போனா திருப்பி வாங்குவாங்க. கடல் காத்தாலை 2015 ஏலத்துல மெகாவாட் அவருக்கு 114ல இருந்து 120 பவுண்ட் வரைக்கும், 2017ல குறைஞ்சது 57.50, 2019ல 39.65, எல்லாம் 2012 விலைல. டர்பைன் பெருசாச்சு, கப்பல் பெருசாச்சு, பேங்க்குக்கு பயம் போச்சு, மூணும் சேந்து நடந்தது.

ஆனா அரசாங்கம் அதையே பேராசையா புடிச்சுக்கிட்டா என்ன ஆகும்னும் அங்கயே பாத்தோம். 2023ல வட்டியும் இரும்பு விலையும் ஏறி இருக்கிறப்ப உச்சவரம்ப 44 பவுண்ட்ல வெச்சாங்க, கடல் காத்தாலைக்கு ஒரு ஆள் கூட ஏலம் கேக்கல. அடுத்த வருஷம் வரம்ப ஏத்தினதும் திரும்பி வந்தாங்க. அடிமாட்டு விலைக்கு ஏலம் எடுத்தா வேற வியாதியும் உண்டு, 1990கள்ல அதே நாட்டுல நடந்த ஏலங்கள்ல குறைச்சு குறைச்சு கேட்டு ஜெயிச்சவங்கள்ல பாதிக்கு மேல கட்டவே இல்ல. கட்டாதவன் எத கத்துக்குவான், உள்நாட்டு டர்பைன் தொழிலும் அங்க வளரல.

கேள்வி கேட்டவருக்கு: 2010ல ஜான்ஸ்டன், ஹாஷ்சிச், பாப் மூணு பேரும் எழுதின பேட்டன்ட் பேப்பர பாருங்க. இத்தன சதவீதம் ரினியூவபிள்னு மின் கம்பெனி சர்டிஃபிகேட் வாங்கி காட்டணும், எல்லா டெக்னாலஜியும் ஒண்ணா போட்டி போடும்கிற முறைல காத்து மாதிரி ஏற்கனவே கரைய தொட்டதுதான் வளருது, அப்போ விலை அதிகமா இருந்த சோலாருக்கு தனியா ஃபீட் இன் விலை, அதாவது ஜெர்மனி மாதிரி முன்னாடியே கட்டி வெச்ச விலை, தேவைப்பட்டுச்சுனு காட்டியிருப்பாங்க. உங்க ரெண்டு பேப்பரும் ஏன் இடிக்கலைங்கிறதுக்கு பாதி பதில் இங்கயே இருக்கு. மின் கம்பெனியோட செலவ அளந்தா விழுந்திருக்கும், வெளிய இருந்து வந்தவன் பேட்டன்ட்ட அளந்தா ஏறியிருக்கும், ஆனா அந்த ஏத்தம் மார்க்கெட்ட திறந்ததால மட்டும் இல்ல, திறந்த கதவு, கூடவே கியாரண்டி காசு, ரெண்டும் இருந்த இடத்துல.

பழைய டர்பைன்:
கதவு, காசு, கூட கம்பியும் சேத்துக்கோங்க வட்டி. டெக்ஸாஸ மார்க்கெட்டுக்கு கோயில் மாதிரி காட்டுவாங்க, அங்க காத்து மின்சாரம் இவ்வளவு வந்ததுக்கு 2005ல சட்டம் போட்டு மேற்கு பக்கம் இருந்து கிட்டத்தட்ட 3,600 மைல் லைன் இழுத்தது பெரிய காரணம். ஏழு பில்லியன் டாலர் பக்கம் செலவு, எல்லா நுகர்வோர் தலையிலயும் பரப்பிப் போட்டு. காத்தாலை வரதுக்கு முன்னாடியே லைன போடுன்னு எந்த ஏலமும் சொல்லாது, யாராவது உக்காந்து திட்டம் போடணும். மாமா இப்போ எங்க போனாரு?

மெகாவாட் மாமா:
இங்கதான் இருக்கேன். லைனுக்கு ஒத்துக்கறேன், லைன்ல போட்டி வேணும்னு நான் எப்போ சொன்னேன். ஆனா அந்த லைன்ல யார் வேணா ஏறலாம்னு ரூல் இருந்ததாலதான் ஆள் வந்தான், அதையும் எழுதிக்கோங்க.

குறுக்குக்கேள்வி:
எல்லாத்தையும் நோட்ல எழுதிட்டேன், மாமா சொன்னதையும் சேத்து 😅 தலைப்ப சுருக்கலாம்னு தோணுது. "சீர்திருத்தம் நல்லதா கெட்டதா"ங்கிறத விட்டுட்டு ஆஸ்திரேலியாவோட அஞ்சு நிமிஷ செட்டில்மென்ட் ஒண்ண மட்டும் எடுத்து, அறிவிச்ச 2017க்கும் நடைமுறைக்கு வந்த 2021க்கும் நடுவுல என்ன மாறுச்சுனு பாக்கவா? பேட்டரி பேட்டன்ட் எண்ணிக்கை எடுத்தா போதுமா?

ஃப்ரீக்வென்சி 50:
நல்ல தலைப்பு, ஆனா பேட்டரி பேட்டன்ட்ட எண்ணினா ஏமாந்து போவீங்க. செல் கெமிஸ்ட்ரி மாறினது கார் மார்க்கெட்டால, ஒரு நாட்டு கிரிட் ரூலால இல்ல. இந்த ரூல் மாத்தினது எந்த நேரத்துல சார்ஜ் பண்ணணும், எப்போ விக்கணும்னு தானா ஏலம் கேக்குற சாஃப்ட்வேர், இன்வெர்ட்டர் கன்ட்ரோல் இதெல்லாம். அதுல நிறைய பேட்டன்ட்டே எடுக்க மாட்டாங்க, ரகசியமா வெச்சுக்குவாங்க. அதனால பேட்டன்ட்ட விட்டுட்டு புதுசா பதிவான பேட்டரிங்க எத்தன மணி நேரம் தாங்குற மாதிரி டிசைன் பண்ணியிருக்காங்கனு பாருங்க, வருமானம் எங்க இருந்து வருதுங்கிறது அதுல அப்படியே தெரியும், ஃப்ரீக்வென்சிக்கு வெச்சவன் ஒரு மணி நேரத்தோட நிறுத்தியிருப்பான், சாயங்கால விலைக்கு வெச்சவன் ரெண்டு, நாலுனு போவான். அந்த நாட்டு மார்க்கெட் ஆபரேட்டர் டேட்டா எல்லாம் சைட்ல ஓப்பனாவே கிடக்கு.

நேரம் இருந்தா இனர்ஷியாவையும், அதாவது சுத்திட்டு இருக்கிற கனமான ரோட்டர் சட்டுனு வேகம் மாறாம ஃப்ரீக்வென்சிய தாங்கிப் புடிக்கிறதையும், ஒரு பாரா தொட்டுக்கோங்க. நூறு வருஷமா பெரிய பெரிய ரோட்டர் சுத்தினதுல அது ஓசில வந்துச்சு, அதனால யாரும் விலை போடல. இப்போ ஹார்ன்ஸ்டேல் பேட்டரியே அந்த வேலைய செய்ய 2022ல அனுமதி வாங்கிடுச்சு, அதே வருஷம் பிரிட்டன்ல ஸ்காட்லாந்துக்காக விட்ட டெண்டர்ல கிரிட் ஃபார்மிங் பேட்டரிங்க, அதாவது கிரிட்டோட வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் தானே உருவாக்கித் தாங்குற பேட்டரிங்க, ஒப்பந்தமும் ஜெயிச்சுது. டெண்டர் விட்ட இடத்துல இன்வெர்ட்டர்காரன் எத்தன மாசத்துல ஸ்பெக்க மாத்திட்டு வந்து நிக்கிறான்னு எண்ணிப் பாருங்க, செமினாருக்கு அது ஒண்ணே போதும்.